ஸர் தாமஸ் மன்றோ சரித்திரம்

நம் சங்கத்தாரிற் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தினர். பட்டா என்னும் சொல் நமக்குப் புதியதன்று. அப்பட்டாவை ஜமீன்தாருக்கும் குத்தகைதாரருக்கும் அளியாது, உழுகின்ற குடியின் பேருக்கே நேராக அளிக்கும் ரயத்துவாரி முறையைச் சென்னை மாகாணத்தில் வேரூன்றச் செய்தவர் மன்றோ துரை. ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இவர் 1761-இல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஒரு வர்த்தகர்க்குப் புதல்வராய்ப் பிறந்தார். அமெரிக்க யுத்தத்தால் தந்தையின் வியாபாரம் நொடித்துப் போகவே, கம்பெனியின் காலாட்படையிற் சேர்ந்து 1780-இல் சென்னை வந்தார். 1792-இல் பாரமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி வசமாயிற்று. அங்கே காப்டன் ரீடு என்பாரின் உதவியாளராய் 7 ஆண்டு பணி புரிந்தார். வயலை அளப்பதும், குடிகளோடு நேரிற் பேசித் தீர்வை கட்டுவதும் அவர் கற்றது நம் சேலம், தருமபுரிப் பக்கங்களிலேதான்.

பின்னர்க் கன்னட ஜில்லாவிற் சிறிது காலம் இருந்து, 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை முதலிய நாடுகளுக்குத் தலைமைக் கலெக்டரானார். பாளையக்காரர் பலர் ஆயுதந் தாங்கி நின்ற காலம் அது. கூடாரத்திலேயே வாழ்ந்து ஊர் ஊராகத் திரிந்து வயல்தோறும் அளப்பித்தார். ஆயினும் அவர் விதித்த தீர்வை மகசூலில் ஏறக்குறைய 45 வீதம். இது பெருஞ்சுமை என்றே நாம் கருதுகிறோம். அவரும் அதனை உணர்ந்து, மூன்றிலொரு பங்காகுமாறு நூற்றுக்கு 25 குறைக்க வேண்டுமென 1807-இல் எழுதினார். மேலிடத்தார் இசைந்திலர். அவர் சீமை சென்றபின் கிராமங்களைக் குத்தகைக்கு விட்டனர். குத்தகைதாரர் பலர் கெட்டழிந்தனர். குடிகள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை.

1820-இல் மன்றோவே சென்னைக் கவர்னராய் வந்தார். முன்னர் மறுக்கப்பட்ட அக்குறைப்பு அவர் ஆட்சியில் அந்நாட்டுக்குக் கிடைத்தது. ரயத்துவாரியும் மாகாணத்தில் மீண்டும் பரவியது. இந்நாட்டவரை உயர்ந்த உத்தியோகங்களினின்று விலக்கி வைத்தல் அவரை இழிவுபடுத்துவதாகும் என்று 1824-இல் வற்புறுத்தினார். அந்நிய கவர்னர் ஒருவர் அக்காலத்தில் இங்ஙனம் எழுதியது அரிது. நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் செய்து, மாகாணத்தில் 12,498 உள்ளன என்றும் அறிந்தார்.

பர்மா யுத்தம் நேர்ந்தமையால் அவர் பதவியினின்று நீங்குவது தாமதமாயிற்று. சீமைக்குத் திரும்புமுன் தம் பழைய குடிகளிடம் விடைபெற 1827-இற் புறப்பட்டவர், பத்திகொண்டா என்னும் ஊரில் விஷபேதி கண்டு ஜூலை 6-ஆம் நாள் காலமானார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, 1831-இல் சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொணரப்பட்டார். பத்திகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பும் படிக்கிணறும் அமைத்தனர். அந்நாட்டார் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு வழங்கினர்.