நட்சத்திரக் குறியின் பின்னால் ஒரு கணிதவியலாளர்

போரில் உறவுகளைத் தொலைத்த தாய்மாரின் குரல்களை சில வருடங்களாகப் பதிவு செய்து வருகிறேன். ஒருமுறை பழைய மடிகணினியிலிருந்த பதிவுகளை வன்தட்டுக்கு மாற்ற ‘கிளிநொச்சி*’ என்று கட்டளையிட்டேன். அப்பெயரில் தொடங்கிய கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன. கணினியை முழுதாக அழித்து வேறொருவரிடம் கொடுத்த பின்னரே நினைவு வந்தது: களைப்பில் மூன்று பதிவுகளுக்கு ‘கிளி_’ என்று சுருக்கமாகப் பெயரிட்டிருந்தேன். அவை வரவில்லை. இரண்டு தாய்மார் மீண்டும் பேச இணங்கினார்கள். மூன்றாமவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அந்தக் குற்றவுணர்வோடுதான் அந்தச் சிறிய குறியின் கதையைத் தேடினேன். தேடல் ஸ்டீபன் க்ளேனி என்ற அமெரிக்கரிடம் கொண்டுபோய் விட்டது.

1909ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்ஃபோர்ட் நகரில் பிறந்தவர் க்ளேனி. தந்தை பொருளியல் பேராசிரியர், தாய் கவிஞர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலொன்சோ சேர்ச்சின் மாணவராக 1934இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். எவற்றைக் கணக்கிட முடியும், எவற்றை ஒருபோதும் முடியாது என்பதே அவரது வாழ்நாள் கேள்வி. கணினிகள் வருமுன்னரே அதற்கு அடித்தளமிட்டவர்களில் அவர் ஒருவர்.

1935இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். இரண்டாம் உலகப்போர் அவரையும் இழுத்துக்கொண்டது. கடற்படையில் சேர்ந்து, இளம் அதிகாரிகளுக்குக் கடல்வழி கண்டறியும் கலையைக் கற்பித்தார். போர் முடிந்ததும் விஸ்கொன்சினுக்கே திரும்பினார்.

1951 கோடைகாலத்தில் கலிஃபோர்னியாவிலுள்ள ராண்ட் நிறுவனத்தில், நரம்புக் கலங்களின் வலையமைப்பைக் கணித மாதிரியாக்கிய ஓர் ஆய்வை அவர் ஆராய்ந்தார். அத்தகைய வலையமைப்பால் எந்தெந்தத் தொடர்களை இனங்காண முடியும் என்று கேட்டார். விடையை எழுத ஒரு குறி தேவைப்பட்டது. ஒன்று எத்தனை தடவையும் திரும்ப வரலாம், ஒரு தடவைகூட வராமலும் இருக்கலாம் என்பதைச் சொல்லும் அந்தக் குறியே இன்று ‘க்ளேனி நட்சத்திரம்’ எனப்படுகிறது. ஆய்வு 1956இல் நூலொன்றில் வெளியானது.

1968இல் கென் தொம்சன் இம்முறையைக் கொண்டு கணினியில் எழுத்துகளைத் தேடும் வழியை வெளியிட்டார். 1971இல் பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் இயங்குதளத்தில், கோப்புப் பெயர்களைப் பொருத்த ‘குளோப்’ என்ற சிறு நிரல் இருந்தது.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். க்ளேனியின் நட்சத்திரம் தனக்கு முன்னுள்ளதைத் திரும்ப வரச் செய்வது. கோப்புப் பெயரில் வரும் நட்சத்திரமோ எந்த எழுத்தும், எத்தனையும் என்று பொருள்படும். கேள்விக்குறி இட்டால் சரியாக ஓர் எழுத்து. ஆனால் கோப்புப் பெயர்களுக்கான இந்த எளிய வடிவங்கள் அனைத்தையும் க்ளேனியின் முறையில் எழுதிவிடலாம். இரண்டிலும் வெறுமையும் கணக்கில் சேரும்: ‘கிளிநொச்சி’ என்று மட்டும் பெயருள்ள கோப்பும் ‘கிளிநொச்சி*’ உடன் பொருந்தும்.

மலையேற்றத்தை விரும்பிய க்ளேனி, 1990இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கத்தைப் பெற்றார். 1994 ஜனவரி 25இல் மடிசன் நகரில் காலமானார்.

நட்சத்திரம் நான் எழுதியதை மட்டுமே பொருத்தியது. நான் நினைத்ததை அது அறியாது. ‘கிளி*’ என்று எழுதியிருந்தால் அந்த மூன்று குரல்களும் வந்திருக்கும். எம்மில் பலரிடம் இப்போது இருப்பவை கோப்புகளாகவே மிஞ்சிய நினைவுகள். இப்போதெல்லாம் எதையும் அழிக்குமுன் இரு பக்கத்துக் கோப்புகளையும் எண்ணிப் பார்க்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.