பிளவுபட்ட மந்தையை ஒன்றுசேர்த்த புனித ஜோசப் வாஸ் அடிகளார்

யூபிலி மலர் என்றால் அதில் ஒரு புனிதருடைய சரித்திரம் இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். நம் மலருக்கு யாரை எடுத்துக்கொள்வது என்று சிந்தித்தபோது, புதுமைகளுக்குப் பேர்போன புனிதர்கள் பலர் நினைவுக்கு வந்தார்கள். ஆயினும் இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் ஜோசப் வாஸ் அடிகளாரையே தெரிந்துகொண்டோம். இலங்கைத் தமிழர் இவரை யோசேவாஸ் என்பர். இவருடைய வரலாற்றில் பலரும் அறியாத ஒரு பகுதி உண்டு. அதை நம் பங்கு மக்கள் அறிய வேண்டும் என்பது நம் விருப்பம்.

1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டின் பெனாலிம் என்னும் ஊரில் இவர் பிறந்தார். தகப்பனாரின் ஊர் சங்குவாலே. கொங்கணி பேசும், பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். கோவாவில் இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் கல்வி கற்று, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக் கொடுத்தார்.

இலங்கை செல்லவேண்டும் என்பதே இவருடைய ஆவல். டச்சுக்காரர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தபின், கத்தோலிக்கக் குருக்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டமும் போட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றித் தவித்த விசுவாசிகளை நினைத்து வாஸ் அடிகளார் உருகினார். ஆனால் கோவா அதிகாரிகள் 1681-இல் இவரை அனுப்பியது இலங்கைக்கு அல்ல, மங்களூர்ப் பக்கத்துக் கன்னட நாட்டுக்கு. போகச் சொன்ன இடத்துக்கு அவர் போனார்.

நாம் சொல்ல வந்த பகுதி இதுதான். அக்காலத்தில் இந்தியத் திருச்சபையில் பெரியதொரு வழக்கு நடந்துவந்தது. கீழ்த்திசையில் ஆயர்களை முன்மொழியும் உரிமை தமக்கே உண்டு என்று போர்த்துக்கல் அரசர் கூறிவந்தார். இதற்குப் பதுரவாதோ என்று பெயர். மறுபுறம் உரோமையிலுள்ள விசுவாசப் பரப்புதல் சபை தானே நேரடியாக ஆயர்களை அனுப்பத் தொடங்கியிருந்தது. அப்படி அனுப்பப்பட்டவர் தோமாஸ் தெ காஸ்த்ரோ ஆண்டகை. இவரும் கோவாக்காரரே. அவருடைய நியமனத்தைக் கோவா ஏற்க மறுத்தது. மக்கள் இரண்டு கட்சியாயினர். ஒரு கட்சியார் மறு கட்சியாரைச் சபைக்குப் புறம்பாக்கினர். அந்தக் குரு வைக்கும் பூசைக்குப் போகாதே என்று இவர்கள் தடுத்தார்கள். இவர்கள் கோவிலை மிதிக்காதே என்று அவர்கள் தடுத்தார்கள். ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. ஆனால் எந்தக் குருவின் கையால் பெறும் திருவருட்சாதனம் செல்லும் என்று அறியாமல் ஏழை மக்கள் கலங்கி நின்றார்கள்.

இந்தத் தீயின் நடுவேதான் முப்பது வயதுக் குருவானவர் கோவாவின் பிரதிநிதியாக வந்து இறங்கினார். அவர் நினைத்திருந்தால் தம்மை அனுப்பியவர்களுடைய கட்சியைப் பிடித்துக்கொண்டு, மறு தரப்பை வாட்டி, பேரும் புகழும் தேடியிருக்கலாம். அல்லது, நமக்கேன் வம்பு என்று ஒதுங்கி இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. நேரே காஸ்த்ரோ ஆண்டகையிடம் சென்றார். பாப்பரசர் தீர்ப்புச் சொல்லும் வரை மக்கள் மேய்ப்பனின்றிச் சிதறலாகாது என்று மன்றாடினார். அவரிடமிருந்தும் அதிகாரம் கேட்டுப் பெற்று, இரு தரப்பு மக்களுக்கும் ஐயமின்றித் திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார். அதே வேளையில் கோவா பேராயருக்குக் கீழ்ப்படிவதையும் அவர் விடவில்லை. ஆண்டகையிடம் கையேந்தியது தம் கட்சியாருக்குச் சிறுமையாகத் தோன்றுமே என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. கோவில்களைப் பழுதுபார்த்தார், பள்ளிக்கூடங்களைத் திறந்தார், கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார். 1684 வரை அவருடைய வேலை இதுவாகவே இருந்தது.

அந்த வழக்கு அவரால் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது அவருக்குப் பிறகும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. தமிழ்நாட்டுப் பழைய பங்குகள் சிலவற்றில் கோவாக் கோவில், உரோமைக் கோவில் என்று பெரியவர்கள் பிரித்துப் பேசக் கேட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பெரிய இடத்து வழக்குப் போகட்டும். தேர்ப் பவனியில் எந்தச் சபையின் கொடி முன்னே போவது, எந்தத் தெருவாரின் மண்டகப்படி முதலாவது என்பவற்றுக்காகவே பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கிற நாம், மங்களூரில் அந்தக் குரு எதை விழுங்கிக்கொண்டு ஆண்டகையின் வாசலில் நின்றிருப்பார் என்று சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கோவாவுக்குத் திரும்பிய அடிகளார், தம் நாட்டுக் குருக்கள் சிலரோடு சேர்ந்து 1685-இல் ஒரு துறவற இல்லம் அமைத்தார். புனித பிலிப்பு நேரியின் ஒராத்தோரியம் என்பது இதுவே. தலைமைப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. மறு ஆண்டே அதைத் துறந்து, ஜான் என்னும் இளைஞரைத் துணையாகக் கொண்டு புறப்பட்டார். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடி வந்து, கூலியாள் வேடத்தில் படகேறி, 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கடும் வயிற்றுக்கடுப்பு அவரைக் குடிசை ஒன்றில் கிடத்தியது. ஒரு பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிச்சை ஒரு சாக்கு. அந்தச் செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மலர்கிறது என்று பார்ப்பதே அவர் நோக்கம். இப்படியாக மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்து, சில்லாலை என்னும் ஊரில் தங்கினார். பகலில் பிச்சைக்காரர், இரவில் குருவானவர். தமிழைக் கற்று, செபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் டச்சுப் படை வந்து விசுவாசிகளைச் சூழ்ந்து பிடித்தது. அடிகளார் அகப்படவில்லை. ஊர்த் தலைவர்கள் சிலர் கசையடி பட்டார்கள். ஒருவர் அடியிலேயே உயிர்விட்டார். குருவைக் காட்டிக் கொடுத்துத் தப்பிக்கொள்ளலாம் என்று ஒருவரும் முன்வரவில்லை என்பதைச் சில்லாலையின் பெருமையாகவே நாம் கருதுகிறோம்.

பின்பு புத்தளம் வழியாக 1692-இல் கண்டி சென்றார். அங்கே பௌத்த அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் ஆண்டுவந்தார். போர்த்துக்கீச ஒற்றன் என்று ஒருவர் கோள் சொல்ல, அடிகளார் சிறைப்பட்டார். சிறைக்காலம் அவருக்குச் சிங்களம் கற்கும் காலமாயிற்று. பெரும் பஞ்சத்தின்போது அவருடைய மன்றாட்டால் மழை பெய்ததாகவும், அதன்பின் அரசர் அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்ததாகவும் பக்தியோடு சொல்லி வருகிறார்கள். மழைப் புதுமையைவிட, அடுத்து நடந்ததையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றார்கள். நோய்கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளாரும், அவருடைய மருமகன் முறையான கர்வாலோ அடிகளாரும் குடிசைகள் போட்டு, அவர்களைத் தூக்கிவந்து கிடத்தி, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டினார்கள். செத்தவர்களுக்கு இவர்களே குழி வெட்டினார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா, மகமதியரா என்று கேட்கவில்லை. பல மாதங்கள் இது நடந்தது. நோய் தணிந்து ஊர் திரும்பியவர்கள் இந்த வெளிநாட்டுச் சந்நியாசியைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அவர்மேல் குறைசொல்லிவந்தவர்களின் பேச்சை அரசர் அதன்பின் செவிமடுக்கவில்லை.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதிப் புகழ்பெற்றவர். குரு வந்துபோக மாதக்கணக்காகும் ஊர்களில் மூப்பர், அண்ணாவியார் என்ற பெயரில் பொதுநிலையினரை ஏற்படுத்தி, செபத்தையும் மறைக்கல்வியையும் அவர்கள் பொறுப்பில் விட்டார்கள். நம் உபதேசியார்களை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஆயர் பதவி தம்மை நாடி வந்தபோது அடிகளார் ஏற்கவில்லை.

1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வயது அறுபதுகூட நிரம்பவில்லை. 1796-இல் டச்சு ஆட்சி முடிந்தபோது, அழிந்துபோகும் என்று அவர்கள் எண்ணிய கத்தோலிக்கம் தீவெங்கும் வேரூன்றி நின்றது.

1995 ஜனவரி 21-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பவுல் கொழும்பில் இவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14-இல், பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகக் கடற்கரைத் திடலில் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். நீண்ட உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்து ஆறாண்டுகள்கூட ஆகவில்லை. அந்தப் பூசையில் சிங்களத்திலும் தமிழிலும் மன்றாட்டுகள் எழும்பின. அன்று பிற்பகலே பாப்பரசர் வடக்கே மடு மாதா கோவிலுக்குப் போனார். போரில் பிள்ளைகளை இழந்த தமிழ்த் தாய்மாரும் சிங்களத் தாய்மாரும் அங்கே ஒரே முற்றத்தில் காத்திருந்தார்கள்.