இதயத்தை எழுதவைத்த ஐந்தோவன்

இன்று கைக்கடிகாரம் மணி காட்டுவதோடு நிற்பதில்லை. கட்டியிருப்பவரின் இதயத் துடிப்பையும் எண்ணுகிறது. 2018-ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் கடிகாரம் இ.சி.ஜி. என்னும் இதய மின்வரைவையும் எடுத்துத் தருகிறது. அவ்வரைவை மருத்துவர்கள் நம்பலாமா, கூடாதா என்ற வாதமும் கூடவே எழுந்துள்ளது. இவ்வாதத்தின் வேரை அறிய விரும்புவோர் வில்லெம் ஐந்தோவன் என்னும் டச்சுப் பேரறிஞரின் வரலாற்றைப் படித்தல் நலம் என்பேன்.

ஐந்தோவன் 1860 மே 21 அன்று சாவகத் தீவின் செமாராங் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1870-இல் தாயார் ஆறு குழந்தைகளுடன் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அங்கு மருத்துவம் பயின்ற ஐந்தோவன் உடற்பயிற்சியில் பெருவிருப்பம் உடையவர். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்து வீட்டில் முடங்கியபோதும் வாளா இருக்கவில்லை. கையின் அசைவுகளையே ஆராயத் தொடங்கிவிட்டார். 25 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார்.

1887-இல் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிவு செய்தார். ஆயினும் அவர் கையாண்ட பாதரசக் கருவி மந்தமானது. மருத்துவமனையில் அது பெரிதும் பயன்படும் என்று வாலரே எண்ணவில்லை. ஐந்தோவனோ அதை விடவில்லை. கருவியின் மந்தத்தைக் கணிதத்தால் திருத்தி, 1895-இல் இதய அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். உலகெங்கும் இன்றும் அவையே வழங்குகின்றன. பின்னர் வலிய காந்தத்தின் இடையே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையை நிறுத்தி, இதயத்தின் மின்னோட்டத்திற்கேற்ப அது அசைவதை ஒளிப்படமாக்கும் மின்னோட்டமானியை 1901-இல் அறிவித்தார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க 5 பேர் தேவை. நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். இக்கருவியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாதென்பதால், 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார்!

நாடி பார்க்கும் விரலும் ஸ்டெதஸ்கோப்பும் இருக்க இது எதற்கு என்று எண்ணிய மருத்துவர்கள் அன்று பலர். 1909-இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், முற்றிலும் ஒழுங்கிழந்த நாடிக்கு இதய மேலறைகளின் நடுக்கமே காரணம் என்பதை இக்கருவியால் விளக்கினார். அதன்பின் ஐயம் மெல்ல நீங்கியது. 1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறைந்துபோன தம் உதவியாளரின் வறிய சகோதரிகளுக்குப் பரிசுப் பணத்தில் பாதியை அவர் வழங்கினார் என்று சொல்வர். 1927 செப்டம்பர் 29 அன்று லைடனில் மறைந்தார்.

ஐந்தோவன் வகுத்த மூன்று இணைப்புகளில் முதலாவது இரு கைகளுக்கும் இடைப்பட்டது. கடிகாரம் இடது மணிக்கட்டைத் தொட, வலக்கை விரல் அதன் திருகைத் தொட, அதே முதல் இணைப்பு அமைகிறது. மருத்துவமனையில் எடுப்பதோ 12 கோணப் பதிவு. மருத்துவர்கள் தயங்குவதற்கு இதுவே முதற்காரணம். 4,19,297 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒழுங்கற்ற நாடி என்று கடிகாரம் எச்சரித்தது 0.52 விழுக்காட்டினரைத்தான். எச்சரிக்கை பெற்று, பின்னர் மார்பில் ஒட்டும் கருவியால் சோதிக்கப்பட்டவர்களுள் 34 விழுக்காட்டினருக்கே மேலறை நடுக்கம் பதிவாயிற்று. அந்நடுக்கம் வந்து வந்து போகும் இயல்புடையது என்பதால், எஞ்சியோர்க்கு அந்நோய் இல்லவே இல்லை என்று துணிந்து கூறவும் முடியாது.

செண்பகனூரில் வாழும் என் பெரியப்பாவுக்கு இது நேர்ந்தது. மகள் வாங்கித் தந்த கடிகாரம் இருமுறை எச்சரித்தது. முதலில் பார்த்த மருத்துவர், கடிகாரத்தின் பதிவைப் பார்க்கவும் மறுத்துவிட்டார். அவர் எடுத்த இ.சி.ஜி. சீராகவே இருந்தது. மலையிறங்கி மதுரைக்குச் சென்றபோது, வேறொரு மருத்துவர் அப்பதிவைப் பொறுமையாகப் பார்த்தார். அதை மட்டும் நம்பி மருந்தும் எழுதவில்லை. 24 மணிநேரப் பதிவுக் கருவியைப் பொருத்தி அனுப்பினார். மறுநாள் நடுக்கம் அதில் தெளிவாகத் தெரிந்தது. பக்கவாதம் வருமுன்னே, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து தொடங்கப்பட்டது.

இவ்விரண்டாம் மருத்துவரின் போக்கே நல்வழி என்பது என் துணிபு. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு நெறிமுறையும், 30 விநாடிக்குக் குறையாத ஓரிணைப்புப் பதிவை மருத்துவர் ஆராய்ந்து நோயை உறுதி செய்யலாம் என்கிறது. மற்றொன்றையும் மலைவாழ் மக்களாகிய நாம் மறத்தலாகாது. மாரடைப்பை இக்கடிகாரத்தால் கண்டறிய முடியாது. நெஞ்சு வலித்தால் மணிக்கட்டைப் பார்த்து ஆறுதல் கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதயத்தை எழுதவைத்தார் ஐந்தோவன். அவ்வெழுத்தைப் படிக்கத் தேர்ந்த கண் என்றும் வேண்டும்.