மரத்துப்போனது விரல்... அடிபட்டது கழுத்துக்குக் கீழே! மூச்சு நரம்பைத் தேடிய கேலன் யார்?

சுமார் 1,850 ஆண்டுகளுக்கு முன், ரோம் நகரில் பௌசானியஸ் என்ற சிரியாவைச் சேர்ந்த பேச்சுக்கலை ஆசிரியருக்கு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரலில் பாதி மரத்துப்போச்சு. மருத்துவர்கள் விரலுக்கே மருந்து போட்டார்கள். பலன் இல்லை. கடைசியாக வந்த கேலன், எங்கேயாவது அடிபட்டதா என்று விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்தபோது முதுகின் மேல்பகுதி கல்லில் மோதியது தெரியவந்தது. அதே மருந்தை அங்கே போடச் சொன்னார். குணமாகிவிட்டது!

கி.பி. 129-ல், இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோனில் பிறந்தவர் கேலன். அப்பா நிகோன் கட்டடக் கலைஞர். அவருக்கு வந்த ஒரு கனவுதான் மகனை மருத்துவத்துக்கு அனுப்பியதாம். 157-ல் கிளாடியேட்டர் வீரர்களுக்கு மருத்துவரானார். அப்புறம் ரோம், பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் அரண்மனை என ஏறுமுகம்தான்.

மூச்சு எப்படி நடக்குது?

அன்றைய ரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் கேலன் பன்றி, குரங்குகளை அறுத்தார், அதுவும் உயிரோடு. இன்னைக்குப் படித்தாலே மனசு பதறும். தண்டுவடத்தைக் கழுத்தின் உச்சியில் வெட்டியதும் மூச்சு நின்றது. கழுத்தின் அடியில் வெட்டினால் விலா எலும்புத் தசைகள் செயலிழந்தன. ஆனால் உதரவிதானம் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது! நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தசைக்கு நரம்பு கழுத்திலிருந்தே இறங்கி வருது என்பது இப்படித்தான் தெரிந்தது. அதுதான் ஃப்ரெனிக் நரம்பு.

விலங்குகளில் பார்த்ததை மனிதருக்கும் பொருத்தியதால் கேலன் சொன்னதில் தப்புகளும் நிறைய. அவற்றில் பலவற்றை 1543-ல் வெசாலியஸ் திருத்தினார். கழுத்து நரம்பு விஷயம் அப்படியே நின்றது.

இப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

விபத்தில் கழுத்தில் அடிபட்டவருக்கோ, இதய அறுவை சிகிச்சை முடிந்தவருக்கோ மூச்சு வாங்கலாம், முக்கியமாக மல்லாந்து படுத்தால். நுரையீரலில் கோளாறு தெரியாமல், எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறி நின்றால் சந்தேகம் நரம்பு மேல் திரும்பும். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே, நோயாளியை மூக்கை வேகமாக உறிஞ்சச் சொல்வார்கள். நல்ல பக்கம் கீழே இறங்கும். வாதம் வந்த பக்கம் மேலே ஏறும். இதுக்குப் பேர் ஸ்னிஃப் டெஸ்ட். ரெண்டு பக்கமும் பாதித்திருந்தால் இதில் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. அப்போ மூச்சை இழுக்கும்போது தசை தடிக்குதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் லேசான மின்சாரத்தால் நரம்பைத் தூண்டி, தசை பதில் சொல்லுதா என்று சோதிப்பார்கள். தூண்டும் இடம்? கழுத்துதான்.