விளக்கேந்திய அம்மையாரின் சமையற்கூடம்

கைவிளக்கேந்திய காரிகை என்று பார் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் யார்? அவர் கையில் விளக்கு மட்டுமா இருந்தது? நோயாளியின் பசியாற்றும் கஞ்சிக் கிண்ணமும் இருந்தது. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. செவிலியர் பணியை இழிவாக எண்ணிய காலம் அது. வீட்டார் தடுத்தும் மனம் தளராது, 1851இல் ஜெர்மனியின் கைசர்வெர்த்தில் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். அங்கே குண்டடியால் மாண்டவரைவிடக் காலரா, சீதபேதி, டைபஸ் காய்ச்சலால் மாண்டவரே மிகுதி. குளிராலும் அரைவயிற்று உணவாலும் மெலிந்த உடலை நோய் எளிதில் வீழ்த்தியது. கொப்பரையில் அரைகுறையாய் வெந்த இறைச்சியே அவர்களுக்கு உணவு. பேதியால் துவண்டவர் அதை எப்படி உண்பார்?

அம்மையார் நோயாளிகளுக்கெனத் தனிச் சமையற்கூடங்கள் அமைத்தார். மருத்துவர் சொன்னபடி ஆரோரூட் கஞ்சியும் இறைச்சிச் சாறும் காய்ச்சி, வேளை தவறாமல் ஊட்டச் செய்தார். ஆயினும் உணவு மட்டும் போதவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் துப்புரவு செய்த பின்னரே சாவு வெகுவாகக் குறைந்தது. தூய்மையும் உணவும் நோயாளிக்கு இரு கண்கள் அல்லவா? 1859இல் அம்மையார் எழுதிய செவிலியர் பணி பற்றிய நூலில் உணவுக்கென்றே இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 1860இல் இலண்டனில் செவிலியர் பள்ளியும் கண்டார்.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. எனினும் நம்மை மறக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பசியால் நலிந்தோரைக் காலராவும் அம்மையும் வாரிக்கொண்டு போயின. உடல்நலம் குன்றிய நிலையிலும் 1878இல் ஆங்கில இதழொன்றில் அக்கொடுமையை எடுத்துரைத்தார். பாசன வசதி பெருகவேண்டும் என வாதாடினார். கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் செட்டிநாட்டாராகிய நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

இன்று போராலும் வெள்ளத்தாலும் வீடிழந்தோர் முகாம்களில், பேதி கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தருகிறார்கள், உணவையும் நிறுத்துவதில்லை. தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் 'ஏ' கொடுக்கிறார்கள்.

தோழியரே! லங்கணம் பரம ஔஷதம் என்பார்கள். ஆனால் பேதி கண்ட பச்சிளம் குழந்தையைப் பட்டினி போடுவது ஆபத்து. தாய்ப்பாலையோ கஞ்சியையோ நிறுத்தாமல் கொடுக்கும்படி நம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துச் சொல்வோம். விளக்கேந்திய அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.