பெலும் குகைக்கு ட்ரிப் போறீங்களா? முதல்ல இவரைத் தெரிஞ்சுக்கோங்க!

நசரத்பேட்டையில டீ குடிச்சுட்டு, திருவள்ளூர், திருப்பதி, கடப்பா வழியா கண்டிகோட்டா, பெலும் குகைன்னு வீக் எண்ட் ட்ரிப் கிளம்புற கேங்கா நீங்க? ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போய் நீங்க ரீல்ஸ் எடுக்கப்போற அந்தச் சுண்ணாம்புக்கல் குகையை 1884-லயே பார்த்துப் பதிவு பண்ணவர் ஒருத்தர் இருக்கார். அவர் கதை தொடங்குற இடம், நம்ம பல்லாவரம்.

பெயர், ராபர்ட் புரூஸ் ஃபுட். 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 24 வயசுல இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலைக்காக மெட்ராஸ் வந்தார். நம்ம ஊர் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மாப்பிள்ளையும் ஆனார்.

1863 மே 30. மே மாச வெயில்ல யாராவது சரளைக் குழியை நோண்டுவாங்களா? இவர் நோண்டினார். பல்லாவரத்தில் சாலைக்குச் சரளை வெட்டின குழியில் ஒரு கல் கிடைச்சது. தானா உடைஞ்ச கல் இல்லை, மனுஷன் செதுக்கின கைக்கோடரி! இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தாங்க என்பதற்கு அந்தக் கல்தான் முதல் பெரிய சாட்சி. அப்போ அவருக்கு 28 வயசு. சில மாசத்துலயே, நண்பர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கருவிகளைக் கண்டுபிடிச்சார். அதிரம்பாக்கக் கருவிகளில் மிகப் பழையவற்றின் வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல் ஆய்வாளர்கள் சொன்னதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, கருவி கிடைச்சாச்சு. அதைச் செஞ்ச மனுஷன் எங்கே? ஐரோப்பாவில் குகைகளைத் தோண்டினப்போ ஆதிமனிதர்களின் எலும்பே கிடைச்சது. இங்கேயும் கிடைக்கும்கிற நம்பிக்கையோடதான் 50 வயசுல கர்னூல் குகைகளுக்குப் போனார். பில்லா சுர்கம் குகையைத் தோண்டுற வேலையை, ராணுவத்தில் லெப்டினன்ட்டா இருந்த மகன் ஹென்றி தொடர்ந்தார். கிடைச்சது காண்டாமிருகம் உட்படப் பல விலங்குகளின் எலும்புகள், கூடவே எலும்பில் செஞ்ச கருவிகள். தேடின ஆதிமனிதன் மட்டும் சிக்கலை. (அப்பாவும் மகனும் சேர்ந்து போன ட்ரிப்பில் இப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை!)

அந்தச் சமயத்தில் பதிவானதுதான் பெலும். அதுக்கப்புறம் ஏறக்குறைய நூறு வருஷம் யாரும் பெருசா கண்டுக்கலை. அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க குப்பை கொட்டுற இடமாக்கூட இருந்திருக்கு. 1982-ல் ஜெர்மன் குகை ஆய்வாளர்கள் வந்து அளந்த பிறகுதான் மவுசு வந்துச்சு. 2002-ல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தாங்க. மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஒன்றரை கிலோமீட்டர் வரை நீங்க நடக்கலாம். உள்ளே புழுக்கம் ஜாஸ்தி, காட்டன் டி-ஷர்ட் போட்டுக்கோங்க. கூரையிலிருந்து தொங்குற சுண்ணாம்பு விழுதுகளைத் தொட்டுப் பார்க்காதீங்க ப்ளீஸ். கையில இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டாலே அதோட வளர்ச்சி நின்னுடும்.

ரிட்டயர் ஆனதும் ஃபுட் ஏற்காட்டில் குடியேறினார். சேர்த்துவெச்ச கருவிகள் மெட்ராஸ் மியூசியத்துக்குப் போக, உட்கார்ந்து அதுக்கெல்லாம் கேட்டலாக் எழுதினார். 1912 டிசம்பரில் இறந்துட்டார். அந்தப் புத்தகம் அச்சானதே அதுக்குப் பிறகுதான்.

பெலும் ட்ரிப் தள்ளிப்போகுதா? நசரத்பேட்டையிலிருந்து திருமழிசை, திருவள்ளூர் வழியா பூண்டிக்கு வண்டியை விடுங்க. ஏரி பக்கத்துலயே கற்கால அருங்காட்சியகம் இருக்கு. அந்தக் கைக்கோடரிகளை அங்கே கண்ணாடிக்குள்ள பார்க்கலாம்.