சிட்டுக்குருவி தந்த விடை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

மலேரியாக் காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்றே மனிதன் பல நூற்றாண்டுகளாக நம்பி வந்தான். இத்தாலிய மொழியில் அந்நோயின் பெயருக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். அந்த நம்பிக்கையைத் தகர்த்த பெருமைக்குரியவர் ரொனால்ட் ராஸ். அவருக்கு விடை தந்தவை சிட்டுக்குருவிகள் என்பதைப் பலர் அறியார்.

1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் குமாவோன் மலையிலுள்ள அல்மோராவில் ஒரு படை அதிகாரியின் மகனாக ராஸ் பிறந்தார். கவிதை, ஓவியம், இசை ஆகியவற்றிலேயே அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. எனினும் தந்தையின் விருப்பப்படி லண்டனில் மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

மலேரியா ஒட்டுண்ணியை 1880இலேயே லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் இரத்தத்தில் கண்டிருந்தார். அதைக் கொசு சுமக்கக்கூடும் என்ற கருத்தை 1894இல் லண்டனில் பாட்ரிக் மேன்சன் ராஸின் நெஞ்சில் விதைத்தார். இந்தியா திரும்பிய ராஸ் செகந்திராபாத்தில் கொசுக்களை ஓயாது அறுத்துப் பார்த்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, நோயாளியைக் கடித்த புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் அந்த ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார்.

ஆனால் கொசுவின் வயிற்றிலிருந்து அது அடுத்த உடலுக்குச் செல்வது எப்படி? அதைக் காணுமுன்பே அவர் இராஜபுதனத்திற்கு மாற்றப்பட்டார். 1898இல் கல்கத்தா வந்தபோதோ, பிளேக் தடுப்பூசி பற்றிய அச்சத்தால் மக்கள் விரலில் ஊசி குத்தவும் இசையவில்லை. வேறொருவராயின் ஓய்ந்திருப்பார். ராஸ் பறவைகளை நாடினார்.

சிட்டுக்குருவி, வானம்பாடி, காகம் ஆகியவற்றின் இரத்தத்தில் மலேரியாவின் உறவுக்கார ஒட்டுண்ணி ஒன்று உண்டு. நோயுற்ற பறவைகளைக் கியூலெக்ஸ் இனத்துச் சாம்பல் நிறக் கொசுக்கள் கடிக்கச் செய்து, நாள்தோறும் அவற்றை அறுத்து ஆராய்ந்தார். முகம்மது பக்ஸ் என்ற உதவியாளர் அவருக்குத் துணை நின்றார். ஜூலை 4 அன்று கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கொசுக்கள் கடித்த 28 நலமான பறவைகளில் 22க்கு நோய் கண்டது. புதிர் அவிழ்ந்தது! அதே ஆண்டு இறுதியில் இத்தாலியில் கிராஸி குழுவினர் மனிதரிலும் இதை மெய்ப்பித்தனர். யார் முதல்வர் என்ற பூசல் நெடுநாள் நீடித்தது. 1902இல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் அவர் காலமானார்.

ராஸ் கண்டது ஒட்டுண்ணியின் வழி. பின்னர் வைரஸ்களும் அதே வழியில் செல்வது தெரியவந்தது. வெஸ்ட் நைல் வைரஸ் பறவைக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்கும் இடையே சுழல்கிறது. 1999இல் நியூயார்க்கில் அந்நோய் தோன்றியபோது காகங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நம் வேலூர்ப் பகுதியில் 1955இல் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரஸும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகி, கியூலெக்ஸ் கொசு வழியாகவே மனிதனை அடைகிறது.

கழனியிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலர், நாற்று நடும்போது அருகில் நிற்கும் கொக்கைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அப்பறவையின் நலமும் நம் நலமும் ஒரே நீரில், ஒரே கொசுவில் பிணைந்துள்ளன. ஆகவே நண்பர்களே, காகங்கள் காரணமின்றி மடிந்து கிடக்கக் கண்டால் பேசாமல் தாண்டிச் செல்லாதீர்கள். கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மனிதனுக்கு வரவிருக்கும் நோயைப் பறவை முன்கூட்டியே உரைக்கக்கூடும்.